எடைமேடை கிட்ட நிக்கிறேன்

டிரைவர்: அதெல்லாம் சரிம்மா, ஷட்டரை எதுக்கு முழுசா இழுத்து விட்டே? புகை மூச்சை முட்டுது.

மச்சினி: இருட்டா இருந்தாத்தானே மாமா ஜாக்கெட் பட்டை மின்னுதா இல்லையான்னு தெரியும்? வெளிச்சத்துல பாத்தா எல்லா சேஃப்டி ஜாக்கெட்டும் ஒண்ணுதான்.

டிரைவர்: சாப்பாட்டு நேரத்துல குடோனை மூடிக்கிட்டு... பாக்கறவன் என்ன நினைப்பான்?

மச்சினி: அக்கா புருஷனும் மச்சினியும் ஜாக்கெட் பொறுக்கறாங்கன்னு நினைப்பான். ஃபோர்க்லிஃப்ட் இன்ஜினை நிறுத்திடாதீங்க, அதோட விளக்கு எரியணும். அந்தச் சத்தத்துல நான் கத்தினாலும் கேக்காது, வாக்கி டாக்கியைக் காதுல வச்சுக்குங்க. நான் அந்தக் கோடிக்கு, எடைமேடை கிட்ட போய் நிக்கிறேன். மூணு ஜாக்கெட் இருக்கு. ஒவ்வொண்ணாப் போட்டுக் காட்டறேன். எது நல்லாத் தெரியுதுன்னு சொல்லுங்க, அதையே வாங்கிடலாம்.

டிரைவர்: ஸ்டோர்ல எல்லாத்தையும் நீதானே முடிவு பண்ணுவே. இன்னைக்கு என்ன திடீர்னு என் மேல இவ்வளவு பாசம்?

மச்சினி: ஃபோர்க்லிஃப்ட் சீட்டுல உக்காந்து பாக்கறவர் நீங்கதானே. அதோட... நாளைக்குக் காலையில விசாரணைக்கு ஆபீசர் வர்றார். 'ஜாக்கெட் கண்ணுக்குத் தெரியல, அதனாலதான் வண்டிக்கு வழி சொல்ற விசில்காரர் கால் மேல ஏத்திட்டேன்'னு எழுதிக் குடுத்திருக்கீங்க. அந்த ஜாக்கெட்டை வாங்கினது நான்.

டிரைவர்: உன் பேரை நான் எழுதலையே!

மச்சினி: ஸ்டோர்ல இருக்கறவ நான் ஒருத்தி. பேரை வேற எழுதணுமாக்கும்?

டிரைவர்: இப்படிக் குத்திக் குத்திப் பேசறதுக்குத்தான் உள்ள கூப்பிட்டியா?

மச்சினி: சரி சரி, நடக்கறேன்... கேக்குதா மாமா?

டிரைவர்: கரகரன்னு கேக்குது. ஆமா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. அந்த ஜாக்கெட் விக்கறவன் உனக்கு ஒரு குடை குடுத்தானாமே?

மச்சினி: யார் சொன்னது?

டிரைவர்: ஊரே சொல்லுது. மடக்குக் குடையாம். பூப்போட்டதாம்.

மச்சினி: குடுத்தான். ஒரு குடைக்காக ஆளுங்க உயிரை வித்துடுவேன்னு நினைக்கிறீங்களா? ரெண்டு விரக்கடை அகலம் பட்டை இருக்கா, இடுப்பைச் சுத்தி வருதா, தோள் மேல வருதா, லேபிள் இருக்கா... ஒவ்வொண்ணாத் தடவிப் பாத்து வாங்கினேன். ஒவ்வொரு சலவைக்கும் லேபிள்ல பேனாவால ஒரு புள்ளி வைக்கிறேன். இருபத்தஞ்சு புள்ளி வந்தா வெட்டித் துடைக்கிற துணியாக்கிடுவேன். விசில்காரர் ஜாக்கெட்டுல ரெண்டு புள்ளிதான்.

டிரைவர்: புள்ளி வச்சா ஆச்சா? மின்னணுமே.

மச்சினி: அதைத்தான் இப்பப் பாக்கப் போறோம். எடைமேடை கிட்ட வந்துட்டேன். முதல் ஜாக்கெட், போட்டாச்சு. தெரியுதா?

டிரைவர்: ம்... தெரியுது, தெரியுது.

மச்சினி: எப்படி இருக்கு?

டிரைவர்: மங்கல். அழுது வடியுது. இதைப் போட்டுக்கிட்டு என் வண்டிக்கு முன்னாடி எவனும் வரக் கூடாது.

மச்சினி: அவ்வளவு மோசமா?

டிரைவர்: கேட்டே, சொன்னேன். இதுக்குத்தான் பொம்பளைங்க கையில வாங்கற பொறுப்பைக் குடுக்கக் கூடாதுங்கறது.

மச்சினி: வீட்டுல அக்காகிட்ட இதைச் சொல்லிப் பாருங்களேன்.

டிரைவர்: ஐயய்யோ, சோறு கிடைக்காது. அடுத்ததைப் போடு.

மச்சினி: இருங்க... மாத்திக்கிறேன்... நீங்க போன தடவை கண் பரிசோதனை பாஸ் பண்ணினீங்களா மாமா?

டிரைவர்: இதென்ன நடுவுல?

மச்சினி: சும்மாதான். ஆபீசர் கேப்பார்ல?

டிரைவர்: கேக்கட்டுமே. முதலுதவி ரூம்ல எழுத்துப் பலகையை மாட்டி வச்சு, தூரத்துல நிக்க வச்சாங்க. மேல் வரியிலேர்ந்து கடைசிப் பொடி வரி வரைக்கும் கடகடன்னு ஒப்பிச்சேன். நர்ஸே அசந்து போச்சு.

மச்சினி: ஒப்பிச்சீங்களா?

டிரைவர்: ...படிச்சேன். வார்த்தையைப் புடிச்சுக்கிட்டுத் தொங்காதே. நீ உங்க அக்காவை விடச் சந்தேகப்பிராணியா இருக்கே.

மச்சினி: ரெண்டாவது ஜாக்கெட். இப்போ?

டிரைவர்: இது பரவாயில்ல.

மச்சினி: எத்தனை பட்டை தெரியுது?

டிரைவர்: இடுப்புல ரெண்டு, தோள்ல ஒண்ணொண்ணு. இதெல்லாம் ஒரு கேள்வியா?

மச்சினி: கையைத் தூக்கியிருக்கேனா, இறக்கியிருக்கேனா?

டிரைவர்: ...இறக்கித்தான் இருக்கே. ஏம்மா, ஜாக்கெட்டுக்குப் பரீட்சையா, எனக்கா? இரு, வண்டியைக் கொஞ்சம் முன்னாடி எடுத்துக்கிட்டு வரேன்...

மச்சினி: வேணாம்! மாமா, வேணாம்! நகத்தாதீங்க!

டிரைவர்: ஏன் இப்படிக் கத்தறே? அறுபதடி தள்ளி நிக்கிறே, ரெண்டடி முன்னாடி வந்தா உன் மேல ஏறிடுமா?

மச்சினி: ...ஹேண்ட் பிரேக்கைப் போடுங்க. போட்டுட்டீங்களா?

டிரைவர்: போட்டுட்டேன், போட்டுட்டேன். என்னாச்சு உனக்கு?

மச்சினி: ஒண்ணுமில்ல. விசில்காரர் சம்சாரத்தை ஆஸ்பத்திரியில பாத்தேன், அது ஞாபகம். நிறைமாசம் அவளுக்கு. 'அக்கா, அவர் ஜாக்கெட் போடாம நின்னதாப் பேசிக்கிறாங்களே, நிஜமா'ன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதா.

டிரைவர்: போட்டிருந்தான். நான் இல்லேன்னு சொல்லலையே. மின்னலைன்னுதான் சொன்னேன்.

மச்சினி: மூணாவது. கடைசி ஜாக்கெட். இதைப் பாத்துச் சொல்லிடுங்க, முடிஞ்சுது.

டிரைவர்: ஆங்... அடேயப்பா! இது ஜாக்கெட்டு! ஜொலிக்குது போ. இதையே வாங்கு, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்.

மச்சினி: எடைமேடை கிட்டதானே நிக்கிறேன்?

டிரைவர்: பின்னே? அங்கேயேதான்.

மச்சினி: மாமா... இன்ஜினை நிறுத்துங்க. வாக்கியைக் கீழ வச்சிடுங்க. இனிமே அது வேணாம்.

டிரைவர்: ...எங்கேயிருந்து பேசறே? சத்தம் பக்கத்துல கேக்குது.

மச்சினி: உங்க வலது சக்கரத்துக்கு ரெண்டு முழம் தள்ளி. விசில்காரர் நின்ன அதே இடம். ரெண்டாவது ஜாக்கெட்டைப் போட்டேன்னு சொன்னப்பவே இங்க வந்துட்டேன். உடம்புல ஜாக்கெட்டே இல்ல. மூணாவது இன்னும் பாக்கெட்டைக் கூடப் பிரிக்கல, இந்தாங்க, தொட்டுப் பாருங்க. முதல்ல ஒண்ணை மட்டும்தான் நிஜமாப் போட்டுக்கிட்டு அங்க நின்னேன். இருக்கறதுலயே நல்லது அது. அதைத்தான் அழுது வடியுதுன்னீங்க.

டிரைவர்: வேவு பாக்கறியா என்னை? சொந்த அக்கா புருஷனை?

மச்சினி: இப்ப முன்னாடி எடுத்திருந்தா நானும் ஆஸ்பத்திரியில கிடப்பேன் மாமா. எத்தனை நாளாக் கண்ணு தெரியல?

டிரைவர்: எட்டு மாசம். ரெண்டு கண்ணுலயும் புரை. வெளிச்சத்துல சமாளிச்சுக்குவேன். விளக்கைப் போட்டா எல்லாம் வெள்ளையாப் பரவிடுது. அதுல ஆள் எது, தூண் எது...

மச்சினி: இத்தனை நாள் எப்படி ஓட்டினீங்க?

டிரைவர்: நான் எங்க கண்ணால ஓட்டினேன்? அவன் விசிலால ஓட்டினேன். ஒரு ஊதல்னா வா, ரெண்டுன்னா நில்லு. சத்தம் எந்தப் பக்கமோ, ஆள் அந்தப் பக்கம். எட்டு மாசம் ஒருத்தன் மேல ஒரு கீறல் விழல. அப்புறம் நீ இந்தப் புது ஜாக்கெட்டை வாங்கிட்டு வந்தே. 'இனிமே ஆள் பளிச்சுன்னு தெரியறான், விசில் சத்தம் காதைக் கிழிக்குது, நிறுத்துங்க'ன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. ஒன்பதாம் நாள் அவன் கால் போச்சு.

மச்சினி: விசில் இல்லாம ஓட்ட முடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே...

டிரைவர்: சொன்னா ஏன்னு கேப்பாங்களே! ஆபரேஷன் பண்ணிக்கிட்டா சரியாயிடும்னு டாக்டர் சொன்னார். ரெண்டு கண்ணும் ஆறுற வரைக்கும் வண்டியில ஏறக் கூடாதாம். நான் திரும்பி வர்ற வரைக்கும் இந்தச் சீட்டு சும்மா இருக்குமா? வேற எவனாவது உக்காந்திருப்பான்.

மச்சினி: நாளைக்கு நான் ஜாக்கெட் சரியாத்தான் இருந்துச்சுன்னு சொல்லப் போறேன்.

டிரைவர்: சொல்லு. தாராளமாச் சொல்லு. ஆனா உங்க அக்காவையும் சேத்து மாட்டி விடறேன்னு தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லு. அந்தப் பலகை எழுத்தை எனக்கு உருப்போட வச்சதே அவதான். காய் நறுக்கிக்கிட்டே ஒவ்வொரு வரியாக் கேப்பா. தப்பாச் சொன்னா மறுபடி முதல்லேர்ந்து.

மச்சினி: தெரியும்.

டிரைவர்: அவ சொன்னாளா?

மச்சினி: சொல்லல.

டிரைவர்: பின்னே எப்படித் தெரியும்? எங்க ரெண்டு பேரைத் தவிர... இரு. அந்தப் பலகை முதலுதவி ரூமுக்குள்ள இருக்கு. அவ இந்த கேட்டைத் தாண்டி உள்ள வந்ததே இல்ல. எழுத்து அவளுக்கு எப்படிக் கிடைச்சுதுன்னு நானும் கேட்டதில்ல...

மச்சினி: முதலுதவி ரூம் சாவி யார்கிட்ட இருக்கு மாமா?

டிரைவர்: ஸ்டோர்ல... உன்கிட்ட.

மச்சினி: அந்தப் பலகையைப் போன்ல படம் புடிச்சு அக்காவுக்கு அனுப்பினது நான்தான். எதுக்குன்னு அக்கா சொல்லல, நானும் கேக்கல. ஆனா எனக்குத் தெரியாதா? உங்க கண்ணுக்கும் தெரியற மாதிரி ஒண்ணு கிடைச்சிடாதான்னுதான் ஆபீஸ்ல சண்டை போட்டு இந்த ஜாக்கெட்டை வாங்கினேன். நான் நினைக்கிற மாதிரி இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேதான் இன்னைக்கு ஷட்டரை இழுத்து விட்டேன். நாளைக்குக் கண்ணைப் பத்தி நீங்க சொல்லுங்க மாமா, படத்தைப் பத்தி நான் சொல்லிடறேன்.