கடைசித் துளையில் வந்த பொன்

கழட்டித் தர முடியாது சார். வேற என்ன வேணும்னாலும் கேளுங்க. மோதிரம் இல்ல, வளையல் இல்ல. மூக்குத்தியக்கூட வேலைக்குச் சேந்த அன்னிக்கே கழட்டி வச்சிட்டேன், ஓட்டை தூந்தே போச்சு பாருங்க. தாலிய மட்டும் கேக்காதீங்க. இதைச் சுரண்டி சோதனைக்கு அனுப்பணும்ங்கறீங்க. அனுப்பிட்டு நான் எந்தக் கழுத்தோட வீட்டுக்குப் போறது?

உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இந்தப் பெட்டி மேல உக்காருங்க. உள்ள பூரா மலைக்கல்லுதான், ஒண்ணும் ஆகாது. கரண்ட் இனிமே சாயங்காலம்தான் வரும், வேர்வைய பொறுத்துக்குங்க. லஃபெயே சொல்லட்டுமா? டீதான் சார், இங்க அப்படித்தான் சொல்வோம். வேணாமா, சரி. மெட்ராஸ்காரரு ஒருத்தரு வந்து எங்கிட்ட தமிழ்ல பேசுறதே பெருசு. எங்க வீட்டுப் புள்ள நான் தமிழ்ல கேட்டா பர்மா பாஷையிலதான் பதில் சொல்லுது.

அந்தக் கடைசித் துளைக் கல்லை இடிச்சது யாருன்னு கேட்டீங்க. நான்தான். நான் மட்டும்தான். எப்பவும் இந்தக் கொட்டாயில நாலஞ்சு பொம்பளைங்க இருப்போம். அந்தச் சமயம் ஆத்துப் பாலத்துல பட்டாளத்துக்காரங்க சோதனை மேல சோதனை, பஸ்ஸை நிறுத்தி ஆளை இறக்கறாங்க, மத்தவங்க பயந்துக்கிட்டு வரல. நான் ஆத்துக்கு அந்தப் பக்கம் போட்டாதாங்குலேர்ந்து வர்றவ, பாலத்தை நடந்தே தாண்டி இங்க தன்லியின் வந்து சேருவேன். வேலை மேல பக்தின்னு நினைக்காதீங்க. மலையிலேர்ந்து சேதி வந்தா முதல்ல இங்கதான் வரும், அதுக்காக.

வேலை என்னன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? சரி, என் வாயாலயே கேக்கணும்ங்கறீங்க. மலையில துளை போடுவாங்க. உள்ளேருந்து கல்லு உருண்டையா, நீளமா வரும். நீங்க அதை ‘கோர்’னு சொல்றீங்க, நாங்க கல்லுக்குச்சின்னு சொல்வோம். அதை நெடுக்க ரெண்டாப் பொளந்து ஒரு பாதிய அங்கேயே பெட்டியில அடுக்கிருவாங்க. மறு பாதி மூட்டை கட்டி இங்க வரும். நாங்க இடிச்சு, சலிச்சு, மாவாக்கி, பொட்டலம் கட்டி வெளிநாட்டு லேபுக்கு அனுப்புவோம். நாளைக்கு ஒரு சந்தேகம்னா அந்தப் பெட்டியில இருக்கற பாதிய எடுத்துப் பாத்துக்கலாம். மத்த துளைங்களோட பெட்டியெல்லாம் லாரியில இறங்கி வந்திருச்சு. நீங்க உக்காந்திருக்கறதே அதுல ஒண்ணுதான். கடைசித் துளையோடது மட்டும் மேலேயே நின்னு போச்சு.

அதனாலதானே என் கழுத்தைப் பாக்குறீங்க. புரியுது சார். அங்க வெள்ளி இருக்கு, ஈயம் இருக்கு, துத்தநாகம் இருக்கு, இது இங்க கூட்டிப் பெருக்கற பொம்பளைக்குக்கூட தெரியும். பெட்டியத் தூக்கினாலே ஈயம் இருக்கறதை இடுப்பு சொல்லிடும். லேப் கணக்குல பொன்னு வந்ததுதான் புதுசு. அதுவும் எல்லாத் துளையையும் விட்டுட்டு அந்த ஒரு துளையில மட்டும். சந்தேகம் வரத்தான் செய்யும்.

தாலி மாவுல படல சார். படவே படாது. பழைய மேனேஜர் ஊ டின் மவுங் சேந்த அன்னிக்கே சொல்லிட்டாரு, பொட்டுத் தங்கம் மாவுல உரசினாலும் கணக்கு தப்பாயிடும், எல்லாரும் நகையக் கழட்டுங்கன்னு. கரேன் இனத்துப் பொண்ணு ஒண்ணு கல்யாண மோதிரத்தையே கழட்டி டப்பாவுல போட்டுது. நான் மட்டும் நின்னேன். என்னன்னாரு. எங்கள்ல இதைக் கழட்டினா புருஷன் இல்லன்னு அர்த்தம், என்னால ஆகாதுன்னேன். நல்ல மனுஷன், மறு பேச்சு பேசல. துணியில சுத்தி உள்ள வச்சுக்கன்னாரு. அன்னையிலேர்ந்து சுத்தி, ஊக்கு குத்தி, மேல ஏப்ரனும் போட்டுக்கிட்டுத்தான் உரல் பக்கமே போவேன். ஈயத் தூசி வேற, வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி தலையோட குளிச்சிட்டுத்தான் போவோம். நான் அசட்டையா இருக்கறவ இல்ல.

வீட்டுக்காரரா? மலையிலதான் இருக்காரு. நாகலிங்கம்னு உங்க ஆளுங்க பட்டியல்ல இருக்குமே, துளை போடற மிஷின்காரரு. சண்டை கிட்ட வந்திருச்சுன்னு இன்ஜினியருங்க எல்லாம் இறங்கினப்ப பெட்டிய விட்டுட்டு வர அவங்களுக்கு மனசு வரல. லாரியில இடம் இல்ல. இவரையும் சமையல்காரரு பீர் முகைதீன் பாயையும் காவலுக்கு வச்சிட்டு, லாரி திரும்பி வரும்னு சொல்லிட்டு வந்தாங்க. வரல. மனுஷங்களை ஏத்திக்கிட்டு கல்லை விட்டுட்டு வந்திருக்கலாம். கல்லு எங்க ஓடிடப் போகுது? ஆமா சார், கோவம்தான். உங்க மேல இல்ல. நீங்க நேத்து வந்தவரு.

இப்ப நீங்க கம்பெனிக்கு என்ன எழுதப் போறீங்க? பொன்னு நிஜம்னு எழுதினா?

மழை விட்டதும் கம்பெனி மறுபடி மேல போகும். ம். வெறும் வெள்ளி ஈயம்னா? அதுக்கு இந்தச் சண்டையில யாரும் போக மாட்டாங்க, சரிதான். ஆளுங்களை எங்கேருந்து எடுப்பீங்க? இங்கேருந்தா. பேர்கூட குடுத்துட்டாங்கல்ல? யாரு முதல்ல?

தெரியும். சுந்தர். என் பையன்தான் சார்.

நல்லாத்தான் இருக்கான். பக்கத்து ஃபேக்டரியில நல்ல வேலை, குடிக்க மாட்டான், இருபத்தி மூணு வயசுல அவ்வளவு பொறுப்பு. அப்பாவைக் கூட்டிக்கிட்டு வரேன்னு நிக்கிறான். வழி தெரியாதேன்னு இத்தனை நாளா இருந்தான். கம்பெனியே வண்டி வச்சுக் கூட்டிக்கிட்டுப் போகுதுன்னா விடுவானா?

இருங்க. எழுதாதீங்க. நான் முன்ன சொன்னதை மாத்திச் சொல்றேன்.

பட்டுது சார். அன்னிக்கு ஊக்கு அவுந்துக்கிச்சு. நான் ஒத்த ஆளு, குனிஞ்சு குனிஞ்சு சலிக்கிறேன், துணி நழுவித் தாலி மாவுல புரண்டிருக்கு. நான் கவனிக்கல. நிமிந்தப்ப பாத்தா தாலி பூரா சாம்பல் நிறத்துல தூசி. துடைச்சு உள்ள போட்டுக்கிட்டேன். ஒரு பொட்டலத்துல இல்ல, அந்தத் துளையோட எல்லாப் பொட்டலத்துலயும் பட்டிருக்கும். எழுதிக்குங்க.

ஏன் அப்படிப் பாக்குறீங்க. நம்பலையா. நம்பாட்டிப் போங்க, சோதனை வேணும்னீங்கல்ல, இந்தாங்க. ஒரு நிமிஷம், கொக்கி இறுகிப் போயிருக்கு. ம், வந்திருச்சு. புடிங்க சார். எவ்வளவு வேணுமோ சுரண்டிக்குங்க. திருப்பித் தரணும்னுகூட இல்ல. எனக்கு இது இனிமே எதுக்கு?

இல்ல சார். அவரு மலையில இல்ல. மலையில இருக்காரு, மண்ணுக்குள்ள.

பீர் முகைதீன் பாய் வந்து சொன்னாரு. வீட்டுக்கு வர அவருக்கு கால் வரல, இங்கதான் வந்தாரு, அந்த வாசல்லயே நின்னாரு. சுனைக்குத் தண்ணி எடுக்கப் போற வழியில வெடிய புதைச்சு வச்சிருக்காங்க. இவரு குடத்தோட போனவரு. பாய்தான் குழி தோண்டி அடக்கம் பண்ணியிருக்காரு. உங்க முறையில என்ன சொல்லணும்னு தெரியல தங்கச்சி, எனக்குத் தெரிஞ்சதை ஓதினேன்னு சொல்லி அழுதாரு. அப்புறம் எல்லை தாண்டிப் போயிட்டாரு. எங்க இருக்காரோ, போன் கிடையாது.

வீட்டுல சொல்லல. அன்னிக்குக் குளிச்சிட்டு, பஸ் ஏறி, வீட்டுக்குப் போய், சோறு வடிச்சேன். நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். மறுநாளும் அப்படித்தான் இருந்தேன். சொன்னா அது நிஜமாயிடும்னு ஒரு பயம். பைத்தியக்காரத்தனம்தான். தாலிய சுத்தி உள்ள வச்சுக்கிட்டு வேலைக்கு வந்துக்கிட்டே இருந்தேன்.

சொன்னேன் சார், பையன்கிட்ட. பேர் குடுத்துட்டேன்னு நேத்து வந்து நின்னான் பாருங்க, அப்ப சொல்லிட்டேன், அப்பா இல்லடா, போகாதேன்னு. சிரிச்சான். அப்பா இல்லன்னா கழுத்துல அது எதுக்கும்மான்னான். என்னைப் போக விடாம இருக்க நீ அப்பாவையே கொன்னுட்டியேன்னு கேட்டான். பெத்த புள்ளைக்கிட்ட அந்த வார்த்தைய வாங்கினேன். இப்ப வெறுங்கழுத்தோட போய் நின்னாலும் நடிப்பும்பான். பாய் வந்து சொன்னாத்தான் நம்புவான். பாய்க்கு நான் எங்க போவேன்?

உரசினது நிஜமாங்கறீங்க. நிஜமா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. மீதிப் பாதி மலையில கிடக்கு, போய்ப் பாத்துட்டு வர ஆளு வேணும், அந்த ஆளு என் புள்ள. இங்க சாட்சி நான் ஒருத்திதான், பட்டுதுன்னு நானே சொல்றேன். கையெழுத்து போடறேன், கைநாட்டு வைக்கறேன், வேலையவிட்டு அனுப்பறதுன்னா அனுப்பிக்கட்டும். உங்க படிப்புக்கு இது அடுக்காதுன்னு தெரியும். பொய் எழுதச் சொல்றாளேன்னு நினைச்சா நினைச்சுக்குங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். அந்தப் பொன்னு மலையோடது இல்ல, இங்க இடிச்ச பொம்பளை கழுத்தோடதுன்னு எழுதிடுங்க.

அவன் வந்திருக்கான் சார். காலையில என்கூடவே பஸ் ஏறிட்டான், உங்களைப் பாக்கணும்னு எதிர்ல டீக்கடையில உக்காந்திருக்கான். உள்ள வந்தா மலைக்கு ஆள் எடுக்கலன்னு மட்டும் சொல்லுங்க. காரணம் கேட்டா என்னைக் காட்டுங்க, எங்கம்மாவால கெட்டுதுன்னு என்னைத் திட்டட்டும். வருஷம் பூரா பேசாம இருக்கட்டும். வீட்டுல உக்காந்து பேசாம இருக்கட்டும், அது போதும்.

அந்த மலைக்கு நான் ஒரு ஆளைக் குடுத்துட்டேன் சார். எழுதுங்க.