கல்லில் ஏறாத பெயர்

— முடியாது முசியே ரூவியேர். போர் நினைவுக்கல்லுல வெட்டின பேர மட்டும் படிங்க. அதுக்குத்தான் பாரிஸ்லேர்ந்து உங்கள வரவழைச்சோம்.

— கேளுங்க மேயரம்மா. நாளைக்கு நவம்பர் பதினொண்ணு, முதல் உலகப்போர் முடிஞ்ச நாள். நான் ஒவ்வொரு பேராக் கூப்பிடுவேன், ஊரே 'பிரான்சுக்காக உயிர் விட்டார்'னு பதில் சொல்லும். அதோட செலஸ்தேன் பெர்த்தியேன்னு இன்னொரு பேர். அவ்வளவுதானே!

— அவர ஜெர்மன்காரன் கொல்லல.

— எனக்கா தெரியாது? ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழுல, 'இனிமே அந்தக் குன்றுல ஏறிச் சாக மாட்டோம்'னு சொன்னதுக்கு நம்ம பட்டாளமே கம்பத்துல கட்டிச் சுட்டுது. கேளுங்க, அவர்கூடப் போர்ல நின்ன கிழவங்க வீட்டு அடுக்களையில உக்காந்து கேட்டு எழுதினவன் நான்.

— எழுதினீங்க, டீவியில சொன்னீங்க, புத்தகம் அமோகமா வித்துது. காப்பி ஆறுது, குடிங்க.

— குத்தாதீங்க. பல்கலைக்கழகத்துப் பெரியவங்க என்னைய சரித்திரம்னு கதை விடறவன்னு சொல்றாங்க, சொல்லிட்டுப் போகட்டும். அந்தப் பேரக் கூப்பிடாம நான் ஊரை விட்டுப் போறதா இல்ல. யாருக்குப் பயப்படறீங்க? விழாவுல கொடி பிடிக்கற பழைய பட்டாளத்துக் கிழவர் கோச்சுக்குவார்னா?

— அவர் கொடியச் சுருட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவார். எனக்கு அடுத்த தேர்தல்ல ஓட்டும் போயிடும். அது கெடக்குது, விடுங்க.

— அப்புறம் என்னதான் தடை? கல்லு நட்டப்ப எந்தப் பாவி அந்தப் பேர் வேணாம்னான்?

— பாவி இல்ல. செலஸ்தேனோட பொண்டாட்டி.

— என்னது!

— அப்ப இருந்த மேயர் நல்ல மனுசன். 'சேத்துடலாம்மா'ன்னு வீடு தேடி வந்தார். அவங்க வாசல்லயே மறிச்சு, 'என் புருசன் பேருக்கு பிரான்சுக்காக உயிர் விட்டார்ங்கற பொய்யப் பதிலாச் சொன்னீங்கன்னா, சுத்தியால கல்லையே ஒடைச்சிடுவேன்'னாங்க.

— இத ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலியே. உங்களுக்கு எப்படி...

— அம்மா பாவாடையப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். பெர்த்தியே என் பொறந்த வீட்டுப் பேர். ஊருக்கே தெரியும், உங்க புத்தகத்துக்குத்தான் தெரியல.

— மன்னிச்சிடுங்க மதாம். பேர விட்டுடறேன்.

— இப்பப் போய் விடறதாவது! இவ்வளவு பிடிவாதமா அவருக்காக எங்கிட்ட மல்லுக்கு நின்ன ஆள் வேற யாரு? எங்கப்பா பேர ஒரு தடவையாவது சத்தமாக் கேக்கணும்னு எனக்கும் இருக்காதா? கூப்பிடுங்க. மைக்குல, கணீர்னு.

— ஊர் என்ன பதில் சொல்லும்?

— ஊர் வாய மூடிக்கிட்டு நிக்கட்டும். மேயரோட மூவர்ணப் பட்டைய மார்ல போட்டுக்கிட்டு நான் சொல்றேன்: 'பிரான்ஸ் கொன்னுது'ன்னு.