செத்துப்போன இருளப்பனுக்கு ஒரு மாலை

இந்தக் கல்லுதான் சார். பாசியப் பாத்து யோசிக்காதீங்க, இந்த மலைக் குளிர்ல சும்மா நின்னா நம்ம மேலயே மூணு நாள்ல மொளச்சிடும். மாலைய இன்னும் கொஞ்சம் மேல போடுங்க. ஆ, அப்படித்தான். தானா ராத்தா டவுன்லயா வாங்குனீங்க? கியா பார்ம் சந்தையில வாங்கியிருந்தா பூ இன்னும் பச்சுனு இருந்திருக்கும் லா.

நானா? பக்கத்து வீடு. இருளப்பனுக்கும் எனக்கும் நடுவுல ஒரு பலகச் சுவருதான். அவன் இருமுனா நான் தண்ணி குடிப்பேன்.

விருது விழாவப் பாக்காமயா? எஸ்டேட் ஹால்ல பெரிய டிவி, எங்க லயத்து வீட்டு சனமே அங்கதான். சிறந்த படக்கதைன்னு உங்க பேரச் சொன்னதும் விசில் தூள் பறக்குது. காளிமுத்து பெஞ்சு மேல ஏறி ஆடி, பெஞ்சு ஒடஞ்சு, இன்னும் நொண்டுறான். அப்புறம் நீங்க மைக்கப் புடிச்சு, கண்ணத் தொடச்சிக்கிட்டு, இந்தக் கதையச் சொன்ன கேமரன் மலைப் பெரியவரு இருளப்பன் இப்ப உயிரோட இல்ல, விருத அவரு சமாதியில வைக்கப்போறேன்னீங்க பாருங்க. ஹால்ல எல்லாத் தலையும் மூணாவது வரிசைப் பக்கம் திரும்பிடுச்சு.

ஏன்னா? இருளப்பன் எப்பவும் அங்கதான் உக்காருவான்.

மணியம்மா மாரடிச்சு அழ ஆரம்பிச்சா, அப்புறம் முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சா. துக்கத்துல சில பேருக்கு அப்படி ஆவும் சார். மறுநாள் பசியாறப் போனா, கடைக்கார மகேன், கருமாதிக்கு வடை உண்டான்னு கேக்குறான்.

எப்ப செத்தானா? நீங்க மேடையில சொன்னீங்கள்ல, அந்த நிமிஷம்தான்.

நீங்க அவனப் பாத்ததில்ல, தெரியும். உங்க ஆளு ஒருத்தரு வந்து, மூணு நாளு ரொட்டி சானாய் தின்னுக்கிட்டே அவன் சொன்னதெல்லாம் போன்ல பதிஞ்சாரு. இருளப்பன் பெரிய புளுகன். புலிக்கு டீ ஊத்திக் குடுத்தேன்பான், சீனி கம்மின்னு அது மொறச்சுதும்பான். அவன் சொன்னதுல நெசம் ஒண்ணே ஒண்ணுதான். சரியா அதத் தூக்கிட்டுப் போயிட்டீங்க, கெட்டிக்காரரு.

தகரம் தட்டுன கதை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பதினொரு புள்ளைங்க பனியில வழி தெரியாம தேயிலைக்குள்ள மாட்டிக்கிச்சு. இருளப்பன் பொண்டாட்டி அம்சவல்லி இந்த மேட்டுல நின்னு மண்ணெண்ண தகரத்தத் தட்டுனா. மத்தியானம் தொட்டு இருட்டுற மட்டும். சத்தத்தப் புடிச்சிக்கிட்டே பதினொண்ணும் வந்து சேந்துச்சு. மணியம்மா அதுல ஒருத்தி. அம்சவல்லிக்கு கை பிஞ்சுபோயி ஒரு மாசம் கொழுந்து கிள்ள முடியல. அவ போயி ஆறு வருசமாச்சு.

உங்க படத்துல தகரத்தத் தட்டுறது யாரு சார்? ஆமா, கதாநாயகன். டான்ஸ் ஆடிக்கிட்டே தட்டுறாரு. விழாவுல அந்தத் துண்டப் போட்டாங்க. மென்னுக்கிட்டிருந்த கடலைய இருளப்பன் துப்பிட்டான்.

அட, விடுங்க. விழுந்து கும்புடுங்க. நெத்தி கல்லுல படணும். உங்ககூட வந்த அந்தம்மா போன்ல லைவ்தான போவுது? நாப்பதாயிரம் பேரா! எங்க ஹால்லயும் ஓடுது. கீழ டங்கு டங்குன்னு கேக்குதா? மணியம்மா தகரம் தட்டுறா.

இப்ப அந்தப் பாசிய நகத்தால சொரண்டுங்க. இங்கிலீசு எழுத்து, நீங்க படிச்சவரு. ஆமா சார், ஜிம்மி. பழைய வெள்ளக்கார துரையோட நாயி. நாய்க்குக்கூட அந்த மனுசன் பேரு வெட்டி வச்சிட்டுப் போயிருக்கான்.

போன அணைக்காதீங்கம்மா. விருதா? அது ஜிம்மிக்கே இருக்கட்டும். போனப் பாத்து ஒரே ஒரு தடவ சொல்லுங்க சார், தகரம் தட்டுனது அம்சவல்லின்னு. இருளப்பன் பொண்டாட்டி அம்சவல்லின்னு.

நான் யாரு கேக்குறதுக்கா? மூணாவது வரிசை சார்.