யாருமற்ற அறையில் இருந்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் பத்திரிகை ஆசிரியர் அவர்களே, கவிஞரின் குடும்பத்தாரே, அவரை வாசித்து வளர்ந்தவர்களே, வணக்கம்!

எழுபத்தோராம் வயதில் எழுத்துக் கற்றவன் நான். இந்த உரையை நானே எழுதினேன். நான்கு நாள் ஆயிற்று. ஒவ்வொரு வரி முடியும்போதும் சிரிப்பு வந்தது. இரங்கல் கூட்டத்தில் இதைச் சொல்லலாமா? கவிஞர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நவீன கவிதையின் சிகரம் என்று நீங்கள் போற்றும் நம் கவிஞர், எங்கள் ஆலைக்கு பாய்லர் ஆய்வாளராக வந்தவர். அவருடைய ‘யாருமற்ற அறை’ உங்களுக்கெல்லாம் மனப்பாடம். நான் முதன்முதலில் முழுதாக வாசித்த கவிதையும் அதுதான்.

“பச்சைக் கதவு.
அறை நிறைய நீராவி.
உள்ளே யாருமில்லை.
கேட்கவும் யாருமில்லை.”

எழுத்துக்கூட்டி முடித்ததும் துள்ளினேன். பிறகுதான் உறைத்தது, அது எங்கள் ஆலையின் பாய்லர் அறை. அந்தக் கதவுக்குப் பச்சை வண்ணம் அடித்தவனே நான்தான்! பாய்லர் வெடித்த அன்று உள்ளே யாருமில்லையா? என் மச்சான் இருந்தாரே!

நேரே கவிஞர் வீட்டுக்குப் போனேன்.

“சார், படிக்கக் கத்துக்கிட்டேன்.”

“அடடே! என்ன படிச்சீங்க?”

“உங்களத்தான். உள்ள ஆள் இருந்துச்சு சார். என் தங்கச்சி புருஷன்.”

எழுந்தார். உட்கார்ந்தார். ஜன்னலைத் திறந்தார், மூடினார்.

“நான் வால்வப் பாக்கவே இல்ல. மேனேஜர் ரூம்லயே உக்காந்து, பாய்லர் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். கவிதைல என்னா வெறுமைன்னு எல்லாரும் பாராட்டினாங்க. எனக்கும் அது வசதியாப் போச்சு.”

என் கண் முன்னே கடைசி இரண்டு வரிகளை அடித்துவிட்டு, வேறு இரண்டு வரி எழுதினார். இருவரும் ஆசிரியரிடம் எடுத்துப் போனோம்.

“கவிதை செத்துடும் சார்” என்றார் ஆசிரியர்.

“ஆளே செத்துட்டான்யா!” என்றார் கவிஞர்.

ஆசிரியர் அவர்களே, நாற்காலியில் நெளிகிறீர்கள். எனக்கும்தான் கால் நிலைகொள்ளவில்லை. அடுத்த மாதம் அவருடைய முழுத் தொகுப்பை வெளியிடுகிறீர்கள். எந்த வரிகளைப் போடுவீர்கள்? யாருமில்லை என்று எழுதியபோது அவர் பெரிய கவிஞரா? நான்தான் என்று எழுதியபோதா?

பழைய வரிகளே வருமென்றால், வரட்டும். ஐந்நூறு பிரதிகளாம். நூலகம் நூலகமாக, வீடு வீடாகப் பேனாவோடு வருவேன். பிரதிக்கு அரை மணி நேரம் ஆகும். உட்கார இடம் கொடுங்கள். பழையதை அடித்துவிட்டு, அவர் எழுதியதை எழுதுவேன்:

“உள்ளே ஒருவர் இருந்தார்.
பாராமல் கையெழுத்திட்டவன் நான்.”