ஒரே ஃபோல்டரில் ஆறாயிரம்

— பாத்தியா ஒஸ்வால்டோ, இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்கு. நான் தண்ணி காய வச்சு, ரெண்டு சுத்து மாத்தே டீ குடிச்சு, அப்பா போர்வையையும் மாத்திட்டு வந்துட்டேன். புத்தகம் படிக்கற உன் மெஷின் இன்னும் கண்ணே முழிக்கலை.

— என் மெஷின் என்னக்கா, அப்பாவோட மெஷின். அவர் பிறந்தநாளுக்குத்தானே வாங்கிக் குடுத்தேன். ஒரு நிமிஷம் இரு.

— உன் ஒரு நிமிஷத்துல அடுப்புல பருப்பே வெந்துடும்.

— நெலிடாக்கா, இதுல எத்தனை புத்தகம் கிடக்குன்னு தெரியுமா உனக்கு?

— மெமரி கார்டுல போட்டு அனுப்பினவன் நீ. உனக்குத்தான் தெரியணும்.

— ஆறாயிரத்துச் சொச்சம். அத்தனையும் ஒரே ஃபோல்டர்ல கொட்டி வச்சிருக்கு.

— கொட்டினது யாராம்?

— சரி, நான்தான். அவசரத்துல அப்படியே காப்பி பண்ணிட்டேன். புவனோஸ் ஐரெஸ்ல அன்னைக்கு எனக்கு மூச்சு விட நேரமில்லை.

— அதனால என்ன? புத்தகம் சும்மாதானே கிடக்கு. சோறா கேக்குது?

— சும்மா கிடக்கலைக்கா. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் இது எல்லா ஃபைலையும் ஒண்ணொண்ணா தொட்டுப் பாக்குது. பேர் என்ன, எழுதினது யாரு, அட்டைப்படம் எது. அத்தனைக்கும் பட்டியல் போட்டு முடிச்சாத்தான் நமக்கு முகமே காட்டும். இதுக்கு மூளை ரொம்பச் சின்னது. பட்டியல் போட்டே பேட்டரி தீந்துடுது பாவம்.

— பாவம்தான். நாள் பூரா ஓடியும் ஒரு வேலையும் முடியலைன்னா யாருக்கும் பேட்டரி தீரும்.

— அங்க என்னடா முணுமுணுப்பு? நான் தூங்கிட்டேன்னு நினைச்சீங்களா?

— உங்க ரீடரைத்தான் பாக்கறேன்பா. நீங்க கட்டில்லயே இருங்க. எல்லாப் புத்தகத்தையும் ஒரே இடத்துல குவிச்சு வச்சதால திணறுது.

— ஒரே லைன்ல ஆறாயிரம் வேகனையா நிறுத்தின? பின்ன எது நகரும்? நாப்பது வருஷம் ரயில்வே யார்டுல வேகன் பிரிச்சவன் பெத்த பிள்ளையாடா நீ! கோதுமைக்கு ஒரு லைன், எண்ணெய்க்கு ஒரு லைன், காலி வேகனுக்கு ஒரு லைன். எஞ்சின் உள்ள வந்தா தனக்கு வேண்டியதை மட்டும் கோத்துக்கிட்டுப் போகணும் ராசா.

— அதேதான்பா! பாத்தியாக்கா, அப்பாவுக்கு டக்குனு புரிஞ்சுடுச்சு.

— அவருக்கு எல்லாம் புரியும். ஒஸ்வால்டோ, அதை ஓரமா வை. உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்.

— பேசுக்கா, காது இங்கதான் இருக்கு. கார்டை மட்டும் கம்ப்யூட்டர்ல சொருகிக்கறேன். இதுக்குன்னே ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொண்டு வந்திருக்கேன். எழுத்தாளர் பேர்ல ஃபோல்டர் போட்டு தானாவே பிரிச்சுடும். ஒண்ணுல நூறுக்கு மேல போகாது. சிம்பிள்.

— இதுக்குன்னு புரோகிராம் எழுதினியா?

— மூணு நாள் உக்காந்து எழுதினேன். பாரு, ஒரே நாவல் நாலு தடவை இருக்கு, மூணைத் தூக்கிடலாம். இந்தப் பழைய பத்திரிகை எல்லாம் பக்கம் பக்கமா போட்டோ எடுத்தது. ஒண்ணொண்ணும் யானை கனம். பாதி திணறல் இதாலதான். இதுவும் வேண்டாம்.

— மூணு நாள். சரி சரி. இங்க எத்தனை நாள் இருப்ப?

— நாளான்னைக்குக் கிளம்பணும்க்கா.

— ஒரு வாரம் இருப்பேன்னு சொன்னியே.

— சொன்னேன். ஆனா வேலை வந்து மாட்டிக்கிச்சு. அடுத்த தடவை கண்டிப்பா… ஆ, முடிஞ்சுது! கார்டைப் போட்டு ஆன் பண்றேன், பாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு… ஏழு. ஏழு எண்ணறதுக்குள்ள திறந்துடுச்சுக்கா! அப்பா, ஏழு!

— நல்லதுடா. இவ்வளவு நாள் அது திறக்கறதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துடுவேன்.

— இனிமே எந்தப் புத்தகம் வேணும்னாலும்… இரு, இது என்ன? எல்லாத்துக்கும் மேல ஒரு ஃபைல் நிக்குது. மூணு சைபர் போட்டு ஆரம்பிக்குது பேரு. இது நான் அனுப்பினது இல்லையே.

— அது என்னோடது.

— உன்னோடதா? யாரு போட்டுக் குடுத்தா?

— மூலையில நகல் கடை வச்சிருக்காளே எல்விரா, அவ. பேருக்கு முன்னாடி சைபர் போட்டா பட்டியல்ல முதல்ல வந்துடும், முன்னூறு பக்கம் தள்ளித் தேட வேண்டாம்னா. அவளுக்கு வந்த யோசனை அதுதான். எனக்கும் அது போதும்.

— 'மீன்பிடிக் கப்பல் சமையல்காரர் தேர்வுக் கையேடு'. கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சாச்சுன்னு காட்டுது. அக்கா, மத்த ஆறாயிரத்துல ஒண்ணைக்கூடத் திறக்கலையே! ஒண்ணுகூடவா?

— எப்படித் திறப்பார்? பக்கவாதம் வந்ததுலேர்ந்து அப்பாவுக்குப் புத்தகப் பக்கத்துல வலது பாதி தெரியறதில்லை. பாதி வரியை வச்சுக்கிட்டு யாரு நாவல் படிப்பா? போன வருஷமே உனக்குச் சொன்னேன்.

— எழுத்தைப் பெருசா வைக்கலாமே.

— அன்னைக்கும் அதையேதான் சொன்ன. எழுத்தைப் பெருசா வைன்னுட்டு போனை வச்சுட்ட.

— சரி… இந்தக் கையேடு எதுக்கு? கப்பல்ல போய் சமைக்கப் போறியா என்ன?

— ம்ம்.

— விளையாடாதக்கா.

— பள்ளிக்கூடத்துல இருபத்திரண்டு வருஷம் தினம் முன்னூறு பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டவ நான். கப்பல்ல முப்பது பேர்தான்.

— இந்த வயசுலயா? ஆடற ஆட்டத்துல பானை அடுப்புல நிக்குமா?

— அடுப்பைச் சுத்திக் கம்பி போட்டுக் கட்டியிருப்பாங்க. நாலாவது பாடம். பரீட்சை எழுதினேன், பாஸ் பண்ணிட்டேன். கணவாய் மீன் பிடிக்கற கப்பல். மார் தெல் பிளாட்டா துறைமுகத்துலேர்ந்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கிளம்புது. திரும்பி வர ஐம்பது நாள்.

— இன்னைக்கு வெள்ளி. ஞாயித்துக்கிழமைன்னா நாளான்னைக்கு!

— நாளான்னைக்குத்தான்.

— நானும் அன்னைக்குத்தானே போகணும்? அப்பாவை யாரு பாத்துக்கறது?

— அதைத்தான் நீ வந்ததுலேர்ந்து பேசணும் பேசணும்னு சொல்றேன். நீ ஃபோல்டர் போட்டுக்கிட்டு இருக்க.

— போன்லயே சொல்லியிருக்கலாம்ல? ரீடர் ஓடலைன்னுதானே என்னைக் கூப்பிட்ட?

— ஜனவரியில அப்பா விழுந்துட்டார்னு கூப்பிட்டேன். ஒரு நர்ஸோட நம்பர் அனுப்பின. நெஞ்சுல சளின்னு கூப்பிட்டேன். விரல்ல மாட்டற கருவி ஒண்ணு பார்சல்ல வந்துது. எனக்கு முதுகு போச்சுடான்னு கூப்பிட்டேன். உடற்பயிற்சி வீடியோ அனுப்பின. கடைசியா ரீடர் ஓடலைன்னேன். மூணு நாள்ல புரோகிராம் எழுதி எடுத்துக்கிட்டு பஸ் ஏறி வந்து நிக்கற.

— அக்கா… நான் அப்படி நினைச்சு செய்யலை.

— தெரியும். நான் கோவத்துல சொல்லலை. கோவப்படறதுக்கும் தெம்பு வேணும், அது என்கிட்ட இல்லை. ஐம்பது நாள் எனக்கு யாரையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டாம். கடல் ஆட்டினா ஆட்டட்டும், நான் படுத்துக் கிடப்பேன்.

— என் வேலை?

— கம்ப்யூட்டர் இருந்தா எங்க உக்காந்தும் வேலை பாப்பேன்னு நீதான் ஊரெல்லாம் சொல்ற. சாப்பாட்டு மேசை காலியாத்தான் இருக்கு.

— என்னால முடியாதுக்கா. நிஜமா பயமா இருக்கு. எனக்கு ஒண்ணுமே தெரியாது. அவர் உன் கைக்குப் பழகினவர். நீ போறன்னு தெரிஞ்சா அப்படியே உடைஞ்சு போயிடுவார். இப்ப சொல்லாதே அவர்கிட்ட, மெதுவா…

— டேய். என்கிட்ட எதைச் சொல்லக் கூடாது?

— ஒண்ணுமில்லப்பா.

— தினம் மத்தியானம் அந்தக் கையேட்டை அவ எனக்கு வாசிப்பா. நான் மனசுல வாங்கிக்கிட்டு மறுநாள் அவளைக் கேள்வி கேப்பேன். முப்பது பேருக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் நல்ல தண்ணி, எண்ணெய் பத்திக்கிட்டா முதல்ல எதை மூடணும். இப்பக் கேளு, தூக்கத்துல எழுப்பினாலும் சொல்வேன். விண்ணப்பம் போடுன்னு அவளைத் துரத்தினதே நான்தான்டா. அவ வேண்டாம் வேண்டாம்னா.

— அப்பா… உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

— அவ போகப் போறது எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும். நீ இருப்பியான்னுதான் தெரியலை.

— போதும்பா, பேசாதீங்க. சரிஞ்சு கீழ வந்துட்டீங்க பாருங்க, மூச்சு வாங்குது. தூக்கி உக்கார வைக்கணும். நகரு ஒஸ்வால்டோ, நான் வரேன்.

— வேண்டாம்க்கா, நீ உக்காரு. எந்தக் கையைப் பிடிச்சுத் தூக்கணும்னு மட்டும் சொல்லு.