பச்சைக்கு ஒன்று, அகச்சிவப்புக்கு ஒன்று

லேசர் அறைக்குள் போகுமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும். மோதிரம், வளையல் எதுவும் கூடாது. பளபளக்கும் பொருளில் ஒளி பட்டுத் தெறித்தால் கண் போய்விடும். நான் ஒருநாளும் இதை மறந்ததில்லை. என்னை அஜாக்கிரதையானவள் என்று யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முனைவர் பட்டத்துக்கு இது எனக்கு ஏழாவது வருடம். நான் சேர்ந்தபோது பிறந்திராத தம்பி மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். "ரெண்டு பேரும் ஒண்ணாவே பாஸ் பண்ணுவீங்க போல" என்று அம்மா போனில் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜோடியாகப் பிறக்கும் ஒளித்துகள்களை எண்ணுவது என் ஆய்வு. இரண்டு டிடெக்டர்கள் ஒரே கணத்தில் துடித்தால் ஒரு ஜோடி. நான்கு வருடம் உருப்படியாக ஒன்றும் வரவில்லை. ஆடிகளை மயிரிழை மயிரிழையாகத் திருப்பியே வெறுத்துப்போனேன். ஐந்தாம் வருடம் எண்ணிக்கை ஏறியது. ஆய்வேடு முழுவதையும் அதை நம்பித்தான் எழுதினேன்.

பிறகு சின்னவள் வந்தாள். நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். சேர்ந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. என் வரைபடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. லேசர் வெளிச்சமே எதுலயோ பட்டு ரெண்டு டிடெக்டருக்கும் போகுதோன்னு தோணுது. அப்படின்னா இதெல்லாம் ஜோடியே இல்ல."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லக்கா. நாளைக்குக் காலைல தேடிப் பாத்துட்டு, இருந்தா சார்கிட்ட சொல்லலாம்."

அவள் சொன்னது சரிதான். கேட்ட நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. பொறாமைப்பட்டதை உங்களிடம் மறைக்கவில்லை.

எங்களிடம் இரண்டு வகைப் பாதுகாப்புக் கண்ணாடிகள் உண்டு. பச்சை லேசருக்கு ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசருக்கு ஒன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அச்சிட்ட எண்கள் தேய்ந்துபோனதால் டேப் ஒட்டிப் பேனாவால் எழுதிவைத்திருந்தோம். என் மேசையில் இருப்பது அகச்சிவப்பு. அன்று மாலை இரண்டு டேப்புகளையும் பிரித்து மாற்றி ஒட்டினேன்.

மேசை மட்டத்துக்குக் குனியக் கூடாது என்பது விதி. தெறிப்பைத் தேடும்போது எல்லோருமே குனிவோம், கண்ணாடி போட்டிருக்கிற தைரியத்தில். மறுநாள் காலை அவளும் குனிந்தாள். "அக்கா, நடுவுல ஏதோ கறுப்பா தெரியுது" என்றாள். விழித்திரை கருகினால் வலிக்காது, அதனால் பதறவில்லை. எங்கிருந்து என்று பார்க்கத் தலையைத் திருப்பினாள். ஒளியை அடைக்கும் பொத்தான் என் விரலடியில் இருந்தது. இன்னொரு கண்ணும் போகும் வரை அழுத்தாமல் இருந்தேன்.

விசாரணையில் டேப்பின் மேல் பழி போட்டார்கள். என் மேசையைப் பூட்டி வைத்தார்கள். என் எண்ணிக்கையை யாரும் சரிபார்க்கவில்லை. போன மாதம் ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள்.

வாரம் தவறாமல் அவளைப் போய்ப் பார்க்கிறேன். பாடங்களை வாசித்துக் காட்டுகிறேன். போன வாரம் கேட்டாள்.

"அக்கா, அந்தத் தெறிப்பு இருந்துச்சா, இல்லையா?"

"இல்லம்மா. நானே தேடிப் பாத்துட்டேன்."

"நல்லவேளைக்கா. உங்க ஏழு வருஷமும் வீணாப் போயிடுமோன்னு பயந்துட்டே இருந்தேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இவ்வளவு இளகிய மனசுக்காரி இந்தப் படிப்பில் ஏழு வருடம் தாங்கியிருக்க மாட்டாள். அதை யோசித்தால், நான் அவளுக்குக் கெடுதல் செய்துவிட்டதாகவே எனக்குத் தோன்றவில்லை.