நவமியன்று பிரித்த ஏடு

அந்தி மயங்கிய நேரம். கரமனையிலிருந்து தம்பானூர் போகிற சாலையில் ஒரு மாட்டுவண்டிகூட இல்லை. மகாநவமி… புத்தகங்களைப் பூஜையில் வைத்துவிட்டு ஊரே வீட்டுக்குள் அடைந்திருந்தது. நடந்து போனது ஒரே ஆள்தான், நம்ம சேஷனுடைய சித்தப்பா பட்டாபி. இது சேஷன் சொன்ன கதைதான், சிரிக்காதீர்கள். பொய் சொல்லும் அளவுக்குச் சேஷனுக்கு மூளை கிடையாது.

விடிந்தால் விஜயதசமி. பட்டாபியின் மகள் சூடாமணிக்கு வித்யாரம்பம். நாலு பிள்ளைகளை எமனுக்கு வாரிக் கொடுத்த பிறகு தங்கிய ஒரே பெண். இவளைப் பெரிய படிப்புப் படிக்க வைக்கத்தானே இந்தத் திருட்டு என்று தன்னையே தேற்றிக்கொண்டு நடந்தார். அக்குளில் துணி சுற்றிய ஓர் ஏட்டுச் சுவடி.

பழைய சுவடி வாங்கி விற்பதுதான் அவர் தொழில். ஆண் துணையில்லாத வீடாகப் பார்த்து நுழைவார். கரையான் அரித்த குப்பை என்பார். வாங்கிக்கொண்டு போய் வெள்ளைக்காரத் துரைகளுக்கு விற்பார். சிவகாமியம்மாளிடம் மட்டும் அது பலிக்கவில்லை. மேலும் கீழும் வர்ணச் சித்திரப் பலகை வைத்த அந்தச் சுவடி, செத்துப்போன அவள் கணவர் ‘மூக்குப்பொடி’ நாகேஸ்வரனுக்கு உயிர். தரமாட்டேன் என்றவள், கூடவே ஒன்றும் சொன்னாள்.

“நவமியன்னைக்கு அதை ஆரும் தொறக்கப்படாது பட்டாபி. அன்னைக்கு அவர் வாசிக்கற நாளாக்கும்.”

பட்டாபிக்குப் பயம் வரவில்லை, யோசனை வந்தது. அஷ்டமி சாயங்காலம் அவள் வீட்டுக்குப் பூஜை வைக்க ஒத்தாசையாகப் போனார். புத்தகங்களைப் பட்டால் மூடும் முன் அதே நீளத்தில் வெற்று ஓலைக் கட்டு ஒன்றை உள்ளே தள்ளிவிட்டு, சுவடியை அங்கவஸ்திரத்தில் சுருட்டிக்கொண்டார். பூஜையில் வைத்ததை விஜயதசமி வரை யாரும் தொட மாட்டார்கள். அதற்குள், சுவடி கேட்டு வந்திருந்த துரை அதோடு ரயில் ஏறிவிடுவார். கெட்டிக்காரர்தான், இல்லையா?

தம்பானூர் விடுதியில் துரை எழுத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ஓலையில் மங்கிய எழுத்து சும்மா தெரியாது. எண்ணெயில் குழைத்த விளக்குக் கரியைத் தடவித் துடைத்தால்தான் கீறல்கள் கறுத்து எழும். பட்டாபி விரலால் தடவினார். ஒரு வரி வாசித்துக் காட்டினார்… நிறுத்தினார். வாசிப்பு நிற்கவில்லை. காதோரம், தாழ்ந்த குரலில், மூக்குப்பொடி நெடியோடு… அடுத்த வரி. துரைக்கு ஒன்றும் கேட்கவில்லை. பட்டாபி சுவடியை அவரிடம் போட்டுவிட்டு ஓட்டமாக வீடு வந்து சேர்ந்தார்.

காலையில் குழந்தையை மடியில் வைத்து, தட்டில் பரப்பிய பச்சரிசியில் அவள் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதினார். கையை விட்டார். விரல் நிற்கவில்லை. கிறு… கிறு… ஓர் எழுத்தும் அறியாத குழந்தை, பழைய ஏட்டெழுத்தில் எழுதிக்கொண்டே போயிற்று. முதல் வரி, முந்தின நாள் அவர் வாசித்தது. அடுத்தது, அவர் காதில் கேட்டது. அதற்கப்புறம் அவர் அறியாதது. குழந்தையின் கண் மட்டும் அவரைப் பார்த்தது.

“கை வலிக்கறதுப்பா. புடிச்சு நிறுத்தேன்.”

பிடித்தார். அவர் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு எழுதியது. ஸ்டேஷனுக்கு ஓடினார், வண்டி போய்விட்டது. சிவகாமியம்மாள் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் கோபப்படக்கூட இல்லை.

“இருந்த எடத்துல வச்சாத்தான் அவர் நிறுத்துவார். நீ எங்கேர்ந்து கொண்டு வரப்போறே?”

துரைக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. குழந்தை அரிசியை விட்டுத் தரையில் எழுதியது, தரையை விட்டுச் சுவரில் எழுதியது. விரல் நுனி தேய்ந்து ரத்தம் கசிந்தது. வைத்தியர், மந்திரவாதி எல்லாம் ஆயிற்று. ஐப்பசி மழையில் ஒரு நாள் சூடாமணி கண்ணை மூடினாள். பட்டாபி அந்தக் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, “நின்னுடுத்து… நின்னுடுத்து” என்று அழுதாராம். பெற்ற மனசு பற்றி எரிகிறபோது அதிலும் ஒரு நிம்மதி, பாவி மனுஷனுக்கு.

அன்று ராத்திரி அவர் மனைவி விஜயம் இருட்டில் படுத்திருந்தாள். அவளுக்கு அப்போது ஏழாம் மாசம். அவர் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். உள்ளேயிருந்து சின்னதாக ஒரு விரல்… இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மெதுவாக நகர்ந்தது. ஓரம் வந்ததும் நின்றது. திரும்பவும் இடப்பக்கம் போய், கொஞ்சம் கீழே தள்ளி ஆரம்பித்தது.